கணினி, இணையம்: அடிப்படைக் கேள்விகளும் பதில்களும்

கணினியின் உறுப்புகள் பற்றியும் இணையத்தைப் பயன்படுத்துவது பற்றியும் எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும் கேளுங்கள் என்றிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, லேப்டாப் விளம்பரத்தில் 8 ஜிபி, 512 ஜிபி என்று இரண்டு எண் போடுகிறார்கள். இரண்டும் மெமரிதானே? கூட்டிப் பார்க்க வேண்டுமா?

கூட்டவே கூடாது, இரண்டுக்கும் வேலை வேறு. 8 ஜிபி என்பது ரேம். இப்போது திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள், பிரவுசர் டேப்கள், பாதி எழுதிய கடிதம் எல்லாம் அந்த நேரத்துக்கு அங்கேதான் இருக்கும். கணினியை அணைத்தால் அதில் இருந்ததெல்லாம் போய்விடும். 512 ஜிபி என்பது சேமிப்பகம், அதாவது எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க். விண்டோஸ், புகைப்படங்கள், பாட்டு எல்லாம் அங்கே இருக்கும், மின்சாரம் இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கும். 'சேவ்' அழுத்தினால் ரேமில் இருப்பது சேமிப்பகத்தில் எழுதப்படுகிறது, ஒரு கோப்பைத் திறந்தால் அங்கிருந்து ரேமுக்கு வருகிறது.

இது புரிந்துவிட்டால் யாராவது 'மெமரி ஃபுல்' என்று சொல்லும்போது எது நிரம்பியது என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். படங்களை அழித்தால் ரேம் காலியாகாது. டேப்களை மூடினால் டிஸ்கில் இடம் வராது. பலர் வேகம் வேண்டும் என்று ஆசை ஆசையாக எடுத்த படங்களை அழித்துவிட்டு, வேகமும் வராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: அப்படியானால் என் பழைய லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறதே, ரேம் கூட்டினால் சரியாகுமா, இல்லை புதிதே வாங்கிவிடலாமா?

வாங்குவதற்கு முன்னால் எது திணறுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (கணக்குகளைச் செய்யும் ப்ராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் (சேமிப்பகம்) என்று தனித்தனியாகச் சதவீதம் காட்டும். வழக்கமாக நீங்கள் செய்யும் வேலையைச் செய்துகொண்டே, மெதுவாகும் அந்த நேரத்தில் பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை.

மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேலே இருந்தால் ரேம் போதவில்லை. ரேம் போதாதபோது விண்டோஸ் அதில் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிப்பகத்துக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும், அந்தப் போக்குவரத்துதான் நீங்கள் உணரும் தடுமாற்றம். மெமரியில் இடம் இருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்காக இருக்கும். அதில் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும், அதன் மேல் ஒரு முனை நகர்ந்து தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 மில்லி விநாடி. கேட்கச் சின்ன நேரம்தான், ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறதே. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதே தேடல் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கிலோ அதற்கும் குறைவாகவோ முடிந்துவிடும்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் எஸ்எஸ்டி மாற்றுவது. அப்புறம்தான் ரேம். சிபியுவே எப்போதும் 100 சதவீதத்தில் இருந்தால் எந்த மென்பொருள் அதைத் தின்கிறது என்று அதே பட்டியலில் பாருங்கள், மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் சூடு ஏறினால் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே (எல்லா உறுப்புகளையும் இணைக்கும் முக்கியப் பலகை) பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. மாடல் எண்ணை வைத்து அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் 1 ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணை 1 ஜிபி என்கிறது. உள்ளே இருக்கும் பைட்டுகள் அதேதான். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவதும் இதனால்தான்.

கேள்வி: தினமும் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. அதோடு எந்த இணையதளம் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது. வைரஸா சார்?

(சார் இல்லை, மேடம். பரவாயில்லை.) வைரஸாக இருக்க வாய்ப்பு குறைவு, இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றேதான். மதர்போர்டில் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டால் கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதியிலிருந்து தொடங்கும்.

இணையதளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். உங்கள் கணினி இது பல வருடம் முந்தைய தேதி என்று நம்பிக்கொண்டிருப்பதால், எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்து எச்சரிக்கிறது. பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும். மாற்றும்போது மின்கம்பியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள்; விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ரீஸ்டார்ட்டும் ஷட்டவுன் செய்து ஆன் செய்வதும் ஒன்றுதானே?

விண்டோஸ் 8 முதல் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பெரும்பாலும் இயங்கும் நிலையிலேயே இருக்கும், அதனால் ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதி டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுக்கப்படும். சிக்கலும் அதோடு சேர்ந்து திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஏதாவது கோளாறு என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

கேள்வி: கூகுள்தான் இன்டர்நெட்டா? பிரவுசர், வெப், நெட் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

நல்ல கேள்வி, இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல், கம்பி, அலைவரிசை, அவை பேசிக்கொள்ளும் விதிகள் எல்லாம் சேர்ந்தது; அதன் முன்னோடியான அர்பாநெட் 1969-இல் தொடங்கியது. வெப் என்பது அந்த வலைப்பின்னலின் மேல் ஓடும் பல சேவைகளில் ஒன்று. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர் 1989-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அதற்கான திட்டத்தை எழுதினார், 1993-இல் செர்ன் அதை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. இன்று நாம் அனுமதி கேட்காமல் ஒரு வலைப்பக்கம் தொடங்க முடிகிறது என்றால் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. மின்னஞ்சல் வெப்புக்கும் மூத்தது, அதுவும் இணையத்தின் மேல் ஓடும் தனிச் சேவைதான்.

பிரவுசர் என்பது பக்கங்களைக் கொண்டுவந்து காட்டும் மென்பொருள்: குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி. கூகுள் தேடல் என்பது பக்கங்களைத் தேடித்தரும் ஒரு இணையதளம். முகவரி தெரிந்தால் தேடல் இல்லாமலேயே நேராகப் போகலாம்.

கேள்வி: வைஃபை இருக்கிறது, போனில் சில செயலிகள் வேலை செய்கின்றன, ஆனால் கணினியில் எந்தத் தளமும் திறப்பதில்லை. 'டிஎன்எஸ்' என்று ஏதோ பிழை.

தளத்தின் பெயர் நமக்காக. கணினிகளுக்கு எண் முகவரிதான் தெரியும். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தருவதுதான் டிஎன்எஸ். அது பதில் சொல்லாவிட்டால் இணைப்பு நன்றாக இருந்தும் பக்கம் வராது. முதலில் ரவுட்டரை (வைஃபை தரும் பெட்டி) அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 (கூகுளுடையது) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃபிளேருடையது) கொடுத்துப் பாருங்கள். திறந்துவிட்டால் சிக்கல் முன்பு இருந்த டிஎன்எஸ்ஸில்தான் என்று அர்த்தம்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்பு, ஆனால் டவுன்லோடு 12-ஐத் தாண்டுவதில்லை.

சரியாகத்தான் வருகிறது. இணைப்பை பிட் கணக்கில் சொல்கிறார்கள், டவுன்லோடு பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5.

கேள்வி: முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் நம்பலாம் என்று படித்தேன். உண்மையா மேடம்?

தயவுசெய்து இதை நம்பாதீர்கள். பூட்டு சொல்வது ஒரே ஒரு விஷயம்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா திருடரா என்று அது சொல்வதில்லை. சான்றிதழ் கட்டணமில்லாமலேயே கிடைக்கிறது, மோசடித் தளங்களும் வாங்கி வைத்திருக்கின்றன. இந்தத் தவறான நம்பிக்கை பரவியதால்தான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரியை. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை உள்ளதுதான் தளத்தின் பெயர். அதை வலது பக்கத்திலிருந்து படியுங்கள். டாட் காம் போன்ற முடிவுக்கு ஒட்டினாற்போல் இடப்பக்கம் இருக்கும் சொல்தான் உரிமையாளர். உங்கள் வங்கியின் பெயர் அதற்கும் இடதுபுறத்தில் இருந்தால், இல்லை சாய்கோட்டுக்குப் பிறகு இருந்தால், அது யார் வேண்டுமானாலும் எழுதிவைக்கக்கூடிய அலங்காரம். இதை ஒருமுறை பழகிவிட்டால் போதும், குறுஞ்செய்தியில் வரும் போலி இணைப்புகளில் பெரும்பாலானவை உங்களிடம் தோற்றுப்போகும். போனில் முகவரி சுருங்கித் தெரியும் என்பதால் அங்கே அதன்மேல் தட்டி முழுதாகப் பாருங்கள்.

கேள்வி: இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதுதானே?

இன்காக்னிட்டோ என்பது நீங்கள் போன தளங்களின் பட்டியலைப் பிரவுசர் சேமிக்காத ஜன்னல். அதே கணினியை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இணையச் சேவை தருபவர், அலுவலக நெட்வொர்க், நீங்கள் போகும் தளம் எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: திடீரென்று 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க வந்து சத்தம் போட்டது. பயந்து அழைத்துவிட்டேன், ஏதோ மென்பொருள் போடச்சொன்னார்கள்.

பயம் வருவது இயல்பு, பயமுறுத்தத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் டிஸ்கைச் சோதிக்க முடியாது, ஆகவே அது சொன்னது பொய். இப்போது செய்ய வேண்டியது: இணையத்தைத் துண்டியுங்கள். அவர்கள் போடச்சொன்ன, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நீக்குங்கள். வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் சாவி அதன் கையில்தான் இருக்கிறது. பிறகு வங்கிக்கு, அட்டையின் பின்னால் உள்ள எண்ணில் பேசுங்கள். வங்கிக் கணக்கைத் திறந்துகாட்டியிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கணினியில் முழு வைரஸ் சோதனை ஓடி முடியும்வரை அதில் எந்தக் கணக்கிலும் நுழைய வேண்டாம்.

இனி அப்படித் திரை வந்தால் எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆல்ட்டும் எஃப்4-உம். அதற்கும் போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அடிக்கடி மூலையில் இப்படி எட்டிப்பார்த்தால் ஏதோ ஒரு தளத்துக்கு 'நோட்டிஃபிகேஷன்' அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் அமைப்பில் போய் ரத்து செய்யுங்கள்.

கேள்வி: அழித்த படங்கள் திரும்பக் கிடைக்குமா?

ரீசைக்கிள் பின்னில் முதலில் பாருங்கள். அங்கே இல்லை, ஹார்டு டிஸ்க் என்றால், உடனே அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். புதிதாக எதுவும் மேலே எழுதப்படாதவரை மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், வாய்ப்பு மிகக் குறைவு. முக்கியமானது எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில், இந்தக் கணக்கில் வையுங்கள். மேகச் சேமிப்பில் (இணையத்தில் உள்ள சேமிப்பிடம்) 'சிங்க்' ஆகிறதே என்று மட்டும் இருந்துவிட வேண்டாம், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

கேள்வி: பழைய தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது.

பாமினி போன்ற, யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் தட்டியது அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். எந்த எழுத்துரு என்று பார்த்து, அதற்கான மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 65 வயது, கணினியும் இணையமும் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கே தொடங்க?

மவுஸ் அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் வாங்கிச் செய்துகாட்ட வேண்டாம். இரண்டு முறை வேகமாகச் சொடுக்குவது பலருக்குச் சிரமம், அமைப்பில் அந்த வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கண்ட்ரோலும் கூட்டல் குறியும் சேர்த்து அழுத்தினால் பக்கம் பெரிதாகும், இதை முதல் நாளே சொல்லுங்கள், கண் வலித்தால் படிப்பில் மனம் போகாது. அவர் அடிக்கடி போகும் தளங்களை, முக்கியமாக வங்கித் தளத்தை, நீங்களே முகவரி சரிபார்த்து புக்மார்க்காக (பிரவுசரில் சேமித்துவைக்கும் முகவரி) வைத்துக்கொடுங்கள். தேடிப் போனால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், அதில் போலியும் நுழைந்துவிடுகிறது. புக்மார்க்கை மட்டும் அழுத்தினால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.