கடற்புல் மரபணு: கேள்வி பதில்

கடற்புல்லின் மரபணுவை ஆராய்வது என் வேலை. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றுதானே?
இல்லை. கடற்புல்லுக்கு வேர், பூ, விதை மூன்றும் உண்டு. பாசிக்கு மூன்றும் கிடையாது. கடற்புல், நிலத்தில் வாழ்ந்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிய செடி.

கேள்வி: திரும்பியதில் மரபணு எப்படி மாறியது?
ஸோஸ்டெரா மரினா என்ற இனத்தின் மரபணுத் தொகுதி 2016இல் வெளியானது. அதில் இருப்பதைவிட இல்லாததுதான் சுவாரஸ்யம். காற்று வாங்கும் இலைத்துளைகளை உருவாக்கும் மரபணுக்கள் போய்விட்டன. தண்ணீருக்குள் அவை எதற்கு? காற்றில் வாசனைச் சேதி அனுப்பும் மரபணுக்களும் தொலைந்தன. பதிலுக்கு, உப்பைச் சமாளிக்கப் பாசிகளைப் போலவே செல்சுவரில் சல்பேட் ஏறிய சர்க்கரைகளைச் சேர்த்துக்கொண்டது. மகரந்தம்கூட உருண்டை இல்லை, நூலிழை.

கேள்வி: ஒரு கடற்புல் படுகையில் எத்தனை செடி என்று எப்படி எண்ணுவீர்கள் சார்?
கண்ணால் முடியாது. "அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோமே, அதே வித்தைதான்: மண்ணுக்குள் தண்டை ஓடவிட்டே பரவும். மேலே ஆயிரம் தளிர், கீழே ஒரே செடியாக இருக்கலாம். தளிரை எடுத்து, அடியில் உறைக்குள் வெளுப்பாக இருக்கும் இளம் பகுதியை மட்டும் நறுக்குவோம். மேல் இலையில் நுண்பாசி அப்பிக் கிடக்கும். அதன் டிஎன்ஏவும் கூடவே வந்து குழப்பும். நறுக்கியதை சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் டிஎன்ஏவை ஒப்பிடுவோம்; ஒரே டிஎன்ஏ என்றால் ஒரே செடி. என் முதல் களப்பணியில் ஒரு கை தூரத்துக்கு ஒன்றாக நாற்பது தளிர் எடுத்தேன். முடிவு வந்தபோது மூன்றே மூன்று செடி! தளிரை எண்ணுவது செடியை எண்ணுவது ஆகாது.

கேள்வி: வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கலாமா?
என் துறை இல்லை. கடலிலிருந்து மட்டும் பிடுங்கி வராதீர்கள்.

கேள்வி: படுகை முழுக்க ஒரே செடி என்றால் என்ன நஷ்டம்?
நல்ல நாளில் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவின் போடேகா விரிகுடாவில் ஒரு பரிசோதனை நடந்தது, 2004இல் வெளியானது. சில பாத்திகளில் ஒரே மரபணு வகை, மற்றவற்றில் இரண்டு, நான்கு, எட்டு என்று நட்டார்கள். அமைதியான காலத்தில் வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் வாத்துகள் வந்து மேய்ந்தன. வகை கூடிய பாத்திகள் தாக்குப்பிடித்தன, சீக்கிரம் மீண்டும் தழைத்தன. 2003 கோடை வெப்பத்தின்போது பால்டிக் கடலில் நடந்த பரிசோதனையிலும் ஆறு வகை கலந்த பாத்திகள் தனி வகைப் பாத்திகளை முந்தின. அவற்றில் ஒதுங்கிய சிற்றுயிர்களும் அதிகம்.

கேள்வி: அப்படியானால் ஷார்க் விரிகுடாவை எங்கே வைப்பீர்கள்? ஒரே செடி 180 கிலோமீட்டருக்குப் படர்ந்திருக்கிறதே!
மடக்கிவிட்டீர்கள், பாதி. ஆஸ்திரேலியாவின் அந்தப் பொசிடோனியா என்ற கடற்புல் பற்றி 2022இல் செய்தி வந்ததிலிருந்து எனக்கு இந்தக் கேள்விதான். வயது குறைந்தது 4,500 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் உறவுச் செடிகளுக்கு 20 குரோமோசோம், இதற்கு 40. பெற்றோர் இருவரின் தொகுதியும் பாதியாகாமல் முழுசாகவே வந்திருக்கிறது. ஒரே உடல்தான், பெட்டியில் இரண்டு வீட்டுச் சீதனம்.

கேள்வி: (அதே நண்பர்) அப்போது மரபணுப் பன்மை இல்லாமலும் வாழலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?
வாழ்ந்த ஒன்றைக் காட்டுகிறீர்கள். அதே போல ஒற்றையாய்ப் படர்ந்து, செத்துப்போன செடியை யார் போய் அளந்தார்கள்? அதுவும், வாழ்ந்த செடிக்கு உள்ளேயே இரட்டைத் தொகுதி இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன்.

கேள்வி: கடற்பாசியில் மரபணு ஆய்வு...
முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: அழிந்த படுகையை மீட்க நாற்று நடலாமா, விதை தூவலாமா?
விதை கிடைத்தால் விதை. நாற்றைச் சில இடத்தில் மட்டும் பிடுங்கி நட்டால் அதே நாலு செடிதான் போய்ச் சேரும். வர்ஜீனியா கடலோரக் காயல்களில் இருபது ஆண்டில் 7 கோடிக்கும் மேல் விதை தூவினார்கள். தூவியது சுமார் 213 ஹெக்டேர்; பரவியது 3,600 ஹெக்டேருக்கும் மேல்.

கேள்வி: ஒரு சதுர மீட்டரில் 300 எண்ணினேன், நல்ல பன்மை என்று சொல்லலாமா?
300 தளிர். செடி எத்தனை என்று டிஎன்ஏ பார்த்துவிட்டு எழுதுங்கள்.