வீட்டுச் சமையலும் ஆப் சொல்லும் கலோரியும்: வாசகர் கேள்வி – பதில்

கே: பருப்பு சூப் என்று ஆப்பில் தேடினால், ஒரு கிண்ணத்துக்கு 90 கலோரியில் தொடங்கி 300 வரை பதிவுகள் வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

ப: எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். யாரோ எப்போதோ செய்த சூப்பின் கணக்கு அது. ஆப்பில் சொந்த ரெசிபி சேர்க்கும் பகுதியைத் திறந்து, பொருள்களைச் சமைக்கும் முன்பே கிராமில் எடைபோட்டுப் பதியுங்கள். உதாரணமாக: உலர்ந்த பருப்பு 200 கிராம் (700 கலோரி), எண்ணெய் 30 கிராம் (265), வெங்காயம் 150 கிராம் (60), தக்காளி 200 கிராம் (36). மொத்தம் 1,061. தண்ணீருக்குக் கலோரி கிடையாது.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, 'நான்கு பேருக்கு' என்று போட்டுவிடுகிறார்கள். பிழை நுழைவது அங்கேதான். நான்கு கிண்ணங்களும் ஒரே அளவில் இருப்பதே இல்லை. காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவையுங்கள். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடைபோட்டு அதைக் கழியுங்கள். சூடான பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காமல், அடியில் ஒரு மரப்பலகை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் 850 கிராம், சூப்போடு 2,100 கிராம் என்றால் சூப் 1,250 கிராம். 100 கிராமுக்குச் சுமார் 85 கலோரி. நீங்கள் 300 கிராம் எடுத்துக்கொண்டால் 255.

அதே சூப் இன்னும் கொதித்து 1,000 கிராமாக வற்றியிருந்தால், அந்த 300 கிராமில் 318 கலோரி இருக்கும். சேர்த்த பொருள் மாறவில்லை, நீர் மட்டுமே போயிருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை செய்யும்போதும் இறுதி எடையைப் புதிதாகப் பதிய வேண்டும்.

ஒரு குறுக்கு வழி: ரெசிபியில் 'எத்தனை பங்கு' என்று கேட்கும் இடத்தில் 1250 என்றே போடுங்கள். ஒரு பங்கு ஒரு கிராம் ஆகிவிடும். சாப்பிடும்போது 300 பங்கு என்று பதிந்தால் போதும். அவ்வளவு பெரிய எண்ணை ஆப் ஏற்காவிட்டால் 12.5 என்று போட்டு, 3 பங்கு என்று கணக்கிடலாம்.

கே: எண்ணெயைக் கரண்டியால் அளந்தால் போதாதா?

ப: போதாது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. கரண்டி வழியும்படி ஊற்றினாலோ, 'இன்னும் கொஞ்சம்' என்று இரண்டாம் முறை சாய்த்தாலோ கணக்கு எங்கோ போய்விடும். எண்ணெய்ப் பாட்டிலையே தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, தேவையானதை ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். திரையில் தெரியும் மைனஸ் எண்தான் ஊற்றிய அளவு. பொரிக்கும்போது வாணலியை எண்ணெயோடு முன்னும், ஆறிய பிறகும் எடைபோட்டு, குறைந்த அளவை ரெசிபியில் சேருங்கள். அடுப்பில் தெறித்ததும் அதில் அடங்கிவிடும், பரவாயில்லை. சற்றுக் கூடுதலாகக் காட்டுவது குறைத்துக் காட்டுவதைவிட நல்லது.

கே: அரிசியையும் கோழியையும் பச்சையாக எடைபோடுவதா, வெந்த பிறகா?

ப: இரண்டுமே சரி, ஆனால் ஆப்பில் எடுக்கும் பதிவும் அதே நிலைக்கு உரியதாக இருக்க வேண்டும். அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி. நீரை உறிஞ்சி வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 130. சாதத்தை எடைபோட்டு 'அரிசி' என்று பதிந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரும். கோழியில் இது தலைகீழ்: தோலும் எலும்பும் இல்லாத நெஞ்சுக்கறி பச்சையாக 120, நீர் வற்றி வெந்த பின் 165. எலும்போடு சமைப்பதாக இருந்தால் எலும்பின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். அதை யாரும் விழுங்குவதில்லை.

கே: ஆப்பில் உள்ள பதிவு நம்பத்தக்கதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: புரதம், மாவுச்சத்து இரண்டையும் தலா 4 ஆலும், கொழுப்பை 9 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். போட்டிருக்கும் கலோரிக்கு அருகில் வர வேண்டும். நார்ச்சத்து அதிகமுள்ள உணவில் சிறிது விலகும், அது இயல்பு. 20 கிராம் கொழுப்பு என்று போட்டுவிட்டு மொத்தமே 100 கலோரி என்றால், அந்தப் பதிவைத் தொடாதீர்கள். கொழுப்பு மட்டுமே 180 ஆகிறது. போட்டிருக்கும் எண், நீங்கள் கூட்டியதைப்போல் நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாகத் தெரிந்தால், யாரோ கிலோஜூலை (ஆற்றலை அளக்கும் இன்னோர் அலகு) கலோரி என்று பதிந்திருக்கலாம்: 837 கிலோஜூல் என்பது 200 கலோரிதான். அடிப்படைப் பொருள்களுக்கு அமெரிக்க வேளாண் துறையின் 'ஃபுட்டேட்டா சென்ட்ரல்' பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கே: மீந்த சூப்பை மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால்?

ப: முதல் நாளே பங்கு பிரித்து, எடையை டப்பாவின் மேல் எழுதி வையுங்கள். மறுநாள் சூடாக்கிய பிறகு எடைபோட்டால், ஆவியான நீரின் அளவுக்குக் கலோரி குறைத்துக் காட்டும்.