மூன்றாவது முறையும் ஊர் மாறச் சொல்வதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. வானியல் ஆராய்ச்சியாளன். சீரான இடைவெளியில் ஒளி கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களைப் பற்றி ஆராய்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு இடங்களில் மும்மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக் (தற்காலிக ஆராய்ச்சிப் பணி). இரண்டு முறையும் மனைவி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

இப்போது மூன்றாவது வாய்ப்பு, வேறொரு நாட்டில். "இந்தத் தடவை நானும் பாப்பாவும் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தொலைநோக்கி நேரம் கேட்டு மாதக்கணக்கில் விண்ணப்பம் எழுதுகிறேன். கிடைப்பது நான்கு இரவு என்றால் அதில் இரண்டு மேகத்தில் போய்விடும். வீட்டிலிருந்தே கணினி வழியாகத் தொலைநோக்கியை இயக்கும் வாரங்களில் பகலெல்லாம் தூங்குகிறேன். ஆறு வயது மகள் "அப்பா தூங்குறாங்க" என்று கிசுகிசுத்தே பழகிவிட்டாள். இப்போதோ ஓய்வான நாட்களிலும் தூக்கம் வருவதில்லை. இந்த வேலையை விட்டால் நான் யார் என்றே தெரியவில்லை. என்ன செய்ய?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேகத்துக்குப் பறிகொடுத்த இரவுகளின் வலி அதில் தெரிகிறது. மனைவி இரண்டு வேலைகளை விட்டதோ ஒரே வரியில் முடிந்துவிட்டது. குற்றம் சாட்டவில்லை. உங்கள் வீட்டிலும் அது ஒரு வரியாகவே கடந்து போயிருக்குமோ என்றுதான் கேட்கிறேன். கோபமில்லாமல் "வரல" என்று சொல்பவர் அதைப் பல நாள் யோசித்திருப்பார்.

வானியலாளர் ஜோசலின் பெல் பர்னல் 1967-இல் முதல் பல்சரை (சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன்) கண்டுபிடித்தபோது ஆராய்ச்சி மாணவி. திருமணத்துக்குப் பின் கணவரின் வேலைக்காக ஊர் ஊராக மாறினார்; மகனை வளர்த்தபடி பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே உழைத்தார். போன இடத்தில் எது கிடைத்ததோ அதைக் கற்றார்: காமா கதிர், எக்ஸ் கதிர், அகச்சிவப்பு வானியல். பின்னாளில் பேராசிரியரானார். இதை இனிப்பான கதையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்கியவர் அவர். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பவர் உங்கள் மனைவி.

"இதை விட்டால் நான் யார்" என்ற பயம் உண்மையானது. ஆனால் இந்த போஸ்ட்டாக்கை மறுப்பதும் வானியலை விடுவதும் ஒன்றல்ல. உங்கள் செஃபீட்களின் ஒளிர்வுக்கும் துடிப்புக் காலத்துக்கும் உள்ள உறவை 1912-இல் வெளியிட்ட வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட், பெருவில் வேறு சிலர் எடுத்தனுப்பிய ஒளிப்படத் தகடுகளை அமெரிக்காவில் உட்கார்ந்து அளந்தே அதைக் கண்டார். இன்று, விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் 2022 தரவு வெளியீட்டில் சுமார் 15,000 செஃபீட்கள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. இரவு விழிக்காமல் செய்யக்கூடிய ஆய்வு எவ்வளவு என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். கற்பித்தல், தரவுப் பணி, தொலைநோக்கிக் கருவிப் பணி என்று எழுதிப் பாருங்கள். சில உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

தூக்கத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இரவுப்பணி இல்லாத நாட்களிலும் தூக்கம் வராத நிலை சில வாரங்களாக நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இரவு விழித்த வாரத்தில் எந்த முடிவும் வேண்டாம். களைத்த மனதுக்கு எல்லாக் கதவும் மூடியதாகவே தெரியும்.

பதில் சொல்ல அந்த நிறுவனத்திடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். பிறகு மனைவியிடம், "முதல் தடவை வேலையை விட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். இரண்டாவது தடவையைப் பற்றியும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை மூன்றாவது ஊரின் பேச்சை எடுக்க வேண்டாம்.