தண்டல் எடுத்து ஃபீஸ் கட்டியது போதும்

கேள்வி: தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறேன். கணவர் இல்லை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கவுன்சலிங்கில் சீட் கிடைத்து, தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாவது செமஸ்டரை முடிக்கப் போகிறாள். முதல் பட்டதாரி சலுகையும் புதுமைப் பெண் பணமும் வருகிறது. அது போக செமஸ்டருக்கு, பஸ்ஸோடு சேர்த்து, 40,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் 60,000 தண்டல் எடுக்கிறேன். பிடித்தம் போக 51,000 கைக்கு வரும். அதில் 11,000-ஐத் தம்பி வாங்கிக்கொள்வான், திருப்பித் தந்ததில்லை. தினம் 600 வீதம் 100 நாள் கட்டுகிறேன். இப்போதைய தண்டலில் இன்னும் 28 நாள் பாக்கி. அடுத்த ஃபீஸை மொபைல் ஆப் மூலம் ‘வட்டியில்லாத் தவணை’யில் கட்டலாம் என்கிறாள் மகளின் தோழி. கட்டலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஆப் இல்லை, தண்டல்தான்.

வருடத்துக்கு இரண்டு தண்டல். நீங்கள் கட்டுவது 1,20,000. கல்லூரிக்குப் போவது 80,000. மிச்சம் 40,000-இல் தண்டல்காரருக்கு 18,000, தம்பிக்கு 22,000. 51,000 வாங்கி, மறுநாளே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது அதில் பாதிதான். அதற்கு 100 நாளில் 9,000 வட்டி என்றால், ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு தினம் 225 ரூபாய் எடுத்து வைத்தால் 40,500 சேர்கிறது. சாயங்காலம் அட்டையோடு வந்து நிற்பவருக்கு 600 எடுத்துக் கொடுக்க முடிகிற கடை, இதைத் தாங்கும். அடுத்த ஃபீஸை மட்டும் தாண்டிவிட்டால், அதற்கடுத்ததை உங்கள் பணத்திலேயே கட்டலாம்.

அந்த ஒரு ஃபீஸுக்குத்தான் வங்கிக் கல்விக் கடன். படிப்பின் நடுவிலும் விண்ணப்பிக்கலாம். மீதி ஐந்து செமஸ்டருக்கும் சேர்த்து 2 லட்சத்துக்குக் கேளுங்கள். தேவைப்படும் செமஸ்டருக்கு மட்டும் எடுங்கள். 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, நீங்கள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அதுவரைக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. அந்தச் சலுகைக்குக் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ படிப்புக்கு என்பிஏ அங்கீகாரமோ (இரண்டும் தேசியத் தர அங்கீகாரங்கள்) வேண்டும்; அது உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு இன்றே எழுதிக் கொடுங்கள், அதுதான் தாமதமாகும். வங்கியில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல் கல்விக் கடனுக்கென்று இருக்கும் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். ‘உங்கள் வீடு எங்கள் கிளைக்குள் வராது’ என்று யாராவது சொன்னால், அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு நன்மை, ஃபீஸ் பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். உங்கள் கையில் 51,000 இருப்பது தெரிந்துதான் தம்பி வருகிறார். மூன்று தண்டலில் 33,000 போயிருக்கிறது. அதைக் கேட்டுச் சண்டை போடச் சொல்லவில்லை. ‘பேங்க் காலேஜுக்கே கட்டிடுச்சு, என்கிட்ட பணம் இல்லைப்பா’ என்று சொல்லுங்கள். தினம் சேர்க்கும் 225 ரூபாயைக் கல்லாவில் வைக்காமல், ஜிபே இணைக்காத தனிக் கணக்கில் வாரம் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

ஆப் கடனில் பெயருக்கு வட்டி இல்லாவிட்டாலும், செயலாக்கக் கட்டணம் என்று ஒன்றைப் பிடிப்பார்கள். அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். ஒரு தவணை தவறினால் உங்கள் சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெடும். பிறகு வங்கி வாசலில்தான் சிக்கல். படிக்கிற பிள்ளைகளிடம் இதை ஏதோ சலுகைபோல விற்கிறார்களே என்று எனக்குக் கோபமே வருகிறது.

இந்த ஆண்டு பொறியியல் முதலாண்டில் மகளைச் சேர்க்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஐசிடிஇ-யின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம். முதலாண்டிலேயே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. ஆனால் பிசி, எம்பிசி, எஸ்சி மாணவர்களுக்கான உதவித்தொகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். விண்ணப்பித்திருக்கிறாளா என்று கேளுங்கள்.

28 நாளில் தண்டல் முடியும். முடிகிற அன்றே தண்டல்காரர் ‘அடுத்தது போட்டுக்கலாமாம்மா?’ என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் வங்கிக் கடன் வரவில்லை என்றால், விண்ணப்ப எண்ணோடு கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, கையிலிருப்பதைக் கட்டி, மீதிக்கு ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள்.