நாம் பார்க்காவிட்டாலும் பொருள்கள் இருக்குமா?

மேசைமேல் இருக்கும் டம்ளர் என் மனதைச் சாராமல் தனியாக இருக்கிறதா, இல்லை என் புலன்கள் கட்டிக்கொண்ட உருவம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாக இருக்கிறது என்பதே என் பதில். ஆனால் "அதான் கண்ணுக்குத் தெரிகிறதே" என்பது அதற்குக் காரணம் ஆகாது.

1688-இல் டப்ளின்காரரான வில்லியம் மோலினூ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு புதிர் அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பார்த்தே அடையாளம் சொல்வார். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எதுவென்று சொல்லிவிடுவாரா? முடியாது என்றார் லாக். ஐரிஷ் தத்துவவாதி ஜார்ஜ் பெர்க்லி 1709-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: கண் காண்பதும் கை உணர்வதும் ஒரே பொருளே அல்ல, பழக்கத்தால்தான் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

விடைக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. டெல்லியில், மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழுவினர், பிறவியிலிருந்தே பார்வையில்லாமல் இருந்து அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 5 பேரை (வயது 8 முதல் 17) சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் ஒரு கட்டையைக் காட்டி, பிறகு இரண்டு கட்டைகளில் அது எது என்று கேட்டார்கள். பார்த்த கட்டையைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் சரி. கையால் தொட்ட கட்டையைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது 58 சதவீதம்தான். குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வந்துவிடும்! ஆனால் சில நாள் கழித்துத் திரும்பச் சோதிக்க முடிந்தவர்கள், தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலே நன்றாகத் தேறியிருந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சில நாள்தான். கண்ணும் கையும் ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் மாதிரி. அவற்றின் வாக்குமூலம் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகிறதென்றால், இரண்டும் கண்ட சம்பவம் ஒன்று இருந்திருக்க வேண்டும். கண்ணும் கையும் இப்படி ஒத்துப்போகும் ஒழுங்கைக் கடவுள் வைத்தார் என்பார் பெர்க்லி. சரி, அதுவும் நம் மனதுக்கு வெளியே ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதானே?

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் இந்த வாதத்தில் சிக்க மாட்டார். இடவெளி என்பதே மனிதப் புலனறிவின் வடிவம், அதாவது பொருள்களை நாம் உணரும் விதம்தான், என்று 1781-இல் தன் நூலில் எழுதியவர் அவர். கண், கை இரண்டுமே அந்த வடிவத்துக்குள்தான் இயங்குகின்றன என்பதால் டெல்லி சோதனை அவரைத் தொடாது. வெளிப்பொருள்கள் இருப்பதை அவரும் மறுக்கவில்லை. அந்த நூலின் 1787 பதிப்பில் அதற்கென்றே ஒரு வாதம் சேர்த்தார். ஆனால், நம் அறிவின் வடிவம் என்பதாலேயே இடவெளி பொருள்களுக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிடுமா, இரண்டுக்கும் பொதுவாக இருக்கக்கூடாதா என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தத்துவவாதி டிரெண்டலன்பர்க் கேட்டார். அந்த ஓட்டையைக் காண்ட் அன்பர்கள் முழுசாக அடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.