மலை ஊர்களில் கல்லூரி மாணவர்கள் சிகரெட் பிடிப்பது குளிருக்காகவா?

ஊட்டியில் முதல் வருடம் படிக்கும் தம்பியின் கையில் சிகரெட் வாசனை வருகிறது, கேட்டால் "குளிருக்கு" என்கிறான், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. நான் குன்னூர் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்து ஊட்டியில் மூன்று வருடம் பி.காம். படித்தவன். அந்த மூன்று வருடமும் அதற்குப் பிறகு நான்கு வருடமும் புகைத்தேன், விட்டு ஐந்து வருடம் ஆகிறது. நானும் யார் கேட்டாலும் குளிருக்கு என்றுதான் சொன்னேன், நம்பவும் செய்தேன். ஆனால் நிகோடின் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விரல் நுனிக்குப் போகிற ரத்தம் குறைந்து கை இன்னும் சில்லிட்டுப்போகும். கதகதப்பாக இருந்தது கையில் பிடித்திருந்த டீ கிளாஸ்தான்.

என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் பஸ். கல்லூரி மூன்றரைக்கு விடும், எங்கள் எஸ்டேட் பக்கம் போகிற பஸ் நாலே முக்காலுக்கு, பனி இறங்கிவிட்டால் அதுவும் தாமதம். அந்த ஒன்றேகால் மணி நேரம் நிற்க டீக்கடையை விட்டால் வேறு இடம் இல்லை. ஒரு டீ, ஒரு வர்க்கி, அப்புறம் சீனியர்கள் நீட்டுகிற பாதி சிகரெட். யாரும் வற்புறுத்தவில்லை. நீட்டியவர் எனக்கு அக்கவுண்டன்சி நோட்டு கொடுத்து உதவிய அண்ணன், வகுப்பில் டவுன் பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்க தமிழ் மீடியத்திலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அவர் எதுவும் நினைத்திருக்க மாட்டார். எனக்குத்தான் சொல்ல மனசு வரவில்லை.

வீடும் ஒரு காரணம். அப்பா பீடி குடிப்பார், கட்டு வாங்கிவர என்னைத்தான் கடைக்கு அனுப்புவார். "நீ மட்டும் இதத் தொட்றாத" என்று அவர் சொல்லாத நாள் இல்லை, ஆனாலும் அந்த வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே எங்கள் லைன் வீட்டு (எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடு) வாசனை, பயம் வரவே இல்லை.

அடுத்தது ஒத்தை சிகரெட். முழுப் பெட்டிதான் வாங்க வேண்டும் என்றால் பஸ் காசை வைத்துக்கொண்டு என்னால் ஆரம்பித்திருக்கவே முடியாது. 2003-ல் வந்த புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. நான் சேர்ந்தபோது எனக்கு 17, ஒரு கடைக்காரர்கூட வயதைக் கேட்டதில்லை. 100 கெஜம் என்பது எங்கள் ரோட்டில் ஒரு வளைவு தாண்டினால் முடிந்துபோகும். 2016-லிருந்து பெட்டியின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் ஒத்தையாக வாங்குகிற பையன் பெட்டியையே பார்ப்பதில்லையே!

சினிமாவையும் சொல்வார்கள், இருக்கலாம், என் கதையில் அதற்குப் பெரிய இடமில்லை. ஹாஸ்டலில் இருந்த கோயம்புத்தூர், திருப்பூர் பையன்கள் பரீட்சை டென்ஷனைச் சொல்வார்கள். இழுத்த பத்து இருபது நொடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடுவதால் மனசு லேசானது மாதிரித்தான் இருக்கும். பழகிய உடம்புக்கு நிகோடின் குறையக் குறைய ஒரு பதற்றம் வரும், அடுத்த சிகரெட் அதைத்தான் ஆற்றுகிறது. பரீட்சை டென்ஷன் அப்படியேதான் இருக்கும்.

கல்லூரி முடிந்தது, பஸ்ஸுக்கு நிற்பதும் நின்றது, ஆனால் டீ கிளாஸைத் தொட்டாலே கை சிகரெட்டைத் தேடியது. லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற படிகளில் அப்பா நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் நான் விட்டேன். முதல் மூன்று நாள் ரொம்பக் கொடுமை, எரிச்சல், தூக்கமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அடங்கியது. அதுவரை டீக்கடைப் பக்கமே போகவில்லை.

தம்பியைத் திட்டாதீர்கள். காலேஜ் விட்டதும் பஸ் வரும்வரை எங்கே, யாரோடு நிற்கிறான் என்று கேளுங்கள், முடிந்தால் ஒரு நாள் நீங்களும் போய் அவனோடு ஒரு டீ குடியுங்கள். விட நினைக்கிறவர்களுக்கு உதவ 1800-11-2356 என்று கட்டணமில்லா எண் ஒன்று இருக்கிறது. அதைச் சிகரெட் பெட்டியில்தான் அச்சடித்திருக்கிறார்கள், அதனால் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.