முடிக்கொத்து வாழையை உடனே வெட்டலாமா?

கேள்வி: களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். நான்கைந்து மரங்களில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கின்றன. அரிவாள் வழியாக மற்ற மரங்களுக்கும் தொற்றுமா? அவற்றின் பக்கக் கன்றுகளை வேறு வயலில் நடலாமா?

பதில்: அரிவாள் மேல் பழி வேண்டாம். நீங்கள் சொல்வது முடிக்கொத்து நோய் போலத் தெரிகிறது. அதை உண்டாக்கும் வைரஸ் வெட்டுக்காயத்தாலும் மண்ணாலும் பரவுவதில்லை. இலையின் காம்பையும் நடுநரம்பின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் சிறு கோடுமாக விட்டுவிட்டு ஓடினால் அந்த நோயேதான்.

பரப்புவது வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. குருத்தின் இடுக்கிலும் அடிமட்டைகளுக்குள்ளும் அடையும். தண்டில் எறும்புச் சாரை ஏறினால் அங்கே மட்டையை விலக்கிப் பாருங்கள். அசுவினி கழிக்கும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். சிறகு முளைத்த அசுவினி அதிகத் தொலைவு போவதில்லை. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் கணக்கெடுத்தபோது, புதிய தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோய் கண்ட மரத்திலிருந்து 20 மீட்டருக்குள்ளேயே இருந்தது.

அதனால்தான் எடுத்த எடுப்பில் வெட்டாதீர்கள் என்கிறேன். நம் பக்கத்தில் பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். மரம் சாய்ந்து வாடினால் அதிலிருக்கும் அசுவினி பக்கத்து நல்ல மரத்துக்குக் குடிபெயரும். தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, முதலில் பூச்சிமருந்தைக் குருத்துக்குள்ளும் தூரிலும் நனைய அடியுங்கள். பூச்சி செத்த பிறகு, கிழங்கு, கன்றுகளோடு தூரை முழுதாகத் தோண்டித் துண்டு துண்டாக்குங்கள். தண்டை மட்டும் வெட்டினால் கிழங்கிலிருந்து நோயோடு மறுபடி துளிர்க்கும். வைரஸைக் குணமாக்கும் மருந்து கிடையாது. உரம் போட்டுத் தேற்றலாம் என்று பணத்தைக் கரைக்காதீர்கள்.

கன்று விஷயத்தில் என் பதில்: வேண்டவே வேண்டாம். பார்வைக்குப் பச்சைப்பசேல் என்றிருக்கும் கன்றிலும் தாயின் நோய் ஒளிந்திருக்கும். நட்டுச் சில வாரம் கழித்தே முகம் காட்டும். அசுவினி பக்கத்து வரிசைக்குக் கொண்டுபோவதை, கன்று கட்டும் நாம் மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகிறோம். கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையைப் பெருமளவு அழித்தது இந்த நோய்தான்.

ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று வாங்கினாலும் தாய்ச்செடிக்கு வைரஸ் சோதனை செய்த சான்றைக் கேளுங்கள். சோதிக்காத தாயிலிருந்து எடுத்திருந்தால் அதிலும் நோய் வரும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் அந்தச் சோதனை வசதி உண்டு. குலை தள்ளிய பிறகு நோய் கண்ட மரமென்றால், அசுவினியை ஒழித்துவிட்டுத் தாரை முற்றவிட்டு வெட்டிக்கொள்ளலாம், பழத்தைச் சாப்பிடுவதில் தீங்கில்லை. தூரை மட்டும் விட்டுவைக்காதீர்கள்.